இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஆனாலும் இல்லை என்கிறது பிரவுசர்

பீன்யா_லேத்:
பெங்களூரு பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. ஒரு கம்பெனியின் வெண்டர் தளத்தில் கொட்டேஷன் போட வேண்டும். யு.எஸ்.பி டோக்கனில் (பென்டிரைவ் மாதிரி ஒரு சாதனம்) இருக்கும் டிஜிட்டல் சான்றிதழைக் காட்டினால்தான் அந்தத் தளம் உள்ளே விடும். மாலை 5 மணியோடு சரி. அன்று பார்த்து ஃபயர்பாக்ஸ் டோக்கனையே கண்டுகொள்ளவில்லை. முந்தின நாள்தான் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியிருந்தேன்.

டோக்கனில் பச்சை விளக்கு எரிகிறது. டெர்மினலில் பார்த்தால், பிரவுசர் டோக்கனோடு பேசுவதற்கான லைப்ரரி ஃபைல் யு.எஸ்.ஆர்/லிப் ஃபோல்டரில் இருக்கிறது. அதற்குத் தேவையான மற்ற லைப்ரரிகள் இருக்கின்றனவா என்று எல்.டி.டி கட்டளை போட்டுப் பார்த்தேன், 'நாட் ஃபவுண்ட்' என்று ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஃபயர்பாக்ஸில் 'செக்யூரிட்டி டிவைசஸ்' போய் அதே ஃபைலுக்கு 'லோட்' கொடுத்தால் முடியாது என்கிறது. லைப்ரரியை எடுத்துவிட்டு மறுபடி போட்டேன், இரண்டு தடவை. முதலாளி சேலத்துக்காரர். லேத் சத்தத்தை மீறி "என்ன தம்பி, ஆச்சா?" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அட்ரஸ் பாரில் அபௌட்:சப்போர்ட் என்று அடித்தபோதுதான் பிடிபட்டது. 'அப்ளிகேஷன் பைனரி' என்ற வரி /ஸ்னாப் என்று ஆரம்பித்தது. 22.04-இல் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் பொட்டலமாக வருகிறது, அதாவது பிரவுசர் ஒரு தனி அறைக்குள் குடியிருக்கிறது. அதன் கண்ணில் படும் யு.எஸ்.ஆர்/லிப் வேறு, டெர்மினலில் நான் பார்த்தது வேறு. பெயர் மட்டும் ஒன்று. நான் பாட்டுக்குப் பக்கத்து வீட்டு அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லாவின் ஏ.பி.டி களஞ்சியத்திலிருந்து (ஏ.பி.டி என்பது உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் கருவி) டெப் பதிப்பை, அதாவது தனி அறை இல்லாத சாதாரணப் பொட்டலத்தைப் போட்டதும் லோட் ஆனது. அதிலும் ஒரு சறுக்கல்: அந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை 1000 கொடுக்கும் வரியை முதலில் விட்டுவிட்டேன். உபுண்டுவின் ஃபயர்பாக்ஸ் பொட்டலத்துக்கு வெர்ஷன் எண் '1:' என்று ஆரம்பிக்கும். அந்த '1:'-ஐப் பார்த்து அதுதான் புதுசு என்று ஏ.பி.டி எடுத்துக்கொண்டு, ஸ்னாப்பையே திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தது. கொட்டேஷன் போனபோது மணி 4.50.

சிக்பேட்டை_பழசு:
தம்பி, உங்களுக்குத் தனி அறைதான் பிரச்சினை. எங்களுக்கு வாசலையே அடைத்துவிட்டார்கள். 2015 செப்டம்பரில் குரோம் 45 வந்ததும் ஜாவா பிளக்இன் அடியோடு நின்றது. என்.பி.ஏ.பி.ஐ என்ற பழைய இணைப்பு முறையே அதில் கிடையாது. ஜாவாவை நம்பியிருந்த தளமோ 'ஜாவா இல்லை, இன்ஸ்டால் செய்யவும்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நானும் சொன்ன பேச்சுக் கேட்டு மூன்று நாள் ஜாவா போட்டேன்! அப்புறம் ஃபயர்பாக்ஸுக்கு ஓடினேன். அதுவும் 2017 மார்ச்சில், 52-ஆம் பதிப்பில், ஃப்ளாஷ் தவிர அந்த முறையில் ஓடும் மற்ற பிளக்இன்களையெல்லாம் கைவிட்டது.

அதற்கும் முன்னால் ஒரு கூத்து உண்டு: 32 பிட் பிரவுசர், 64 பிட் ஜாவா, இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. கண்ட்ரோல் பேனலில் ஜாவா ஜம்மென்று உட்கார்ந்திருக்கும், பிரவுசர் இல்லவே இல்லை என்று சாதிக்கும்.

ஒயிட்ஃபீல்ட்_நைட்ஷிஃப்ட்:
எனக்கு விண்டோஸில். எக்ஸ்டென்ஷன் இருக்கிறது, அது பேசவேண்டிய புரோகிராமும் இருக்கிறது, ஆனால் 'நேட்டிவ் மெசேஜிங் ஹோஸ்ட் நாட் ஃபவுண்ட்' (அந்தப் புரோகிராம்தான் 'ஹோஸ்ட்'). பார்த்தால், அட்மின் தன் லாகினில் இன்ஸ்டால் செய்துவிட்டுப் போயிருக்கிறார். ரெஜிஸ்ட்ரியில் பதிவு விழுந்தது அவருடைய எச்.கே.சி.யு-வில், அதாவது அவர் லாகினுக்கு மட்டுமான பகுதியில். அது என் பக்கம் எப்படித் தெரியும்? என் லாகினில் மறுபடி போட்டதும் சரியாகிவிட்டது.

'நாட் ஃபவுண்ட்' இல்லாமல் 'ஃபர்பிடன்' என்று வந்தால் வேறு கதை. எந்த எக்ஸ்டென்ஷன் அதோடு பேசலாம் என்ற பட்டியல் ஹோஸ்டின் ஜேசன் ஃபைலில் இருக்கும்; அதில் உங்கள் எக்ஸ்டென்ஷன் ஐடி இருக்கிறதா என்று பாருங்கள்.

பீன்யா_லேத்:
சிக்பேட்டை அண்ணே, மூன்று நாளா! எனக்கு இன்று காலை புதுசாக ஒன்று. லேப்டாப் தூங்கி எழுந்ததும் டோக்கனைக் காணோம். டோக்கனைக் கவனித்துக்கொள்ளும் பி.சி.எஸ்.சி.டி சேவையை ரீஸ்டார்ட் செய்தேன், வந்துவிட்டது. முதலாளி கேட்பதற்கு முன்னாலேயே.