மாமியாருக்குப் பக்கவாதம், எனக்கு வாரம் 16 மணி வகுப்பு: கல்லூரியில் எதைக் கேட்டு வாங்குவது?

சனத்குமாரநதி (தருமபுரி) கேட்டது:

வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியர் நான். தருமபுரியிலிருந்து தினமும் பஸ். அத்தைக்கு 71 வயது. பக்கவாதம் வந்து ஐந்து வாரம். வலப்பக்கம் வேலை செய்யவில்லை, பேச்சு வரவில்லை, மூக்குக் குழாயில்தான் ஆகாரம். டிஸ்சார்ஜ் ஆகி மூன்று வாரம் ஆகிறது. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஆயாம்மாவால் 8.30க்கு முன் வர முடியாது. கல்லூரி 9.30 முதல் 3.45 வரை, நாளுக்கு ஐந்து மணி (பீரியட்), ஆறு டே ஆர்டர் (கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று சுழலும் அட்டவணை).

நான் கேட்பது: கால அட்டவணையில் எதை மாற்றச் சொல்லிக் கேட்டால் கொடுப்பார்கள்? மெடிக்கல் லீவ் போடலாமா? பகுதிநேர பிஎச்.டி. ஐந்தாம் வருடம் ஓடுகிறது, அதை என்ன செய்வது? ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து திருப்பிப் படுக்கவைத்துவிட்டுக் காலையில் கம்பெனிக் கணக்குப் பாடம் நடத்த முடியவில்லை, அதற்கு வழி உண்டா? வேலையை விடு என்று சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது, அந்த யோசனை மட்டும் இங்கே வேண்டாம்.

கரும்பலகை பதில்:

மேடம், லீவைப் பற்றி யோசிக்கும் முன் அட்டவணையைப் பிடியுங்கள். லீவு தீர்ந்துபோகும். அட்டவணை செமஸ்டர் முழுக்க நிற்கும்.

ஆறு டே ஆர்டரிலும் முதல் மணி வேண்டாம் என்று கேளுங்கள், அதற்குப் பதிலாக ஆறு கடைசி மணியையும் நீங்களே எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். ஐந்தாம் மணி யாருக்கும் பிடிக்காது, மறுக்க மாட்டார்கள். கணக்கு இதுதான்: மொத்தம் 30 மணி, முதல் மணி ஆறும் போனால் 24. நான்கு நாள் மூன்று வகுப்பு, இரண்டு நாள் இரண்டு வகுப்பு என்றால் உங்கள் 16 வந்துவிடும். இன்னும் 8 மணி கையில் நிற்கும். 2018 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு 16 மணி, கல்லூரியில் தினமும் குறைந்தது 5 மணி நேரம் இருக்க வேண்டும். 10.30க்கு வந்து 3.45 வரை இருந்தால் அந்த ஐந்தும் சரியாகிவிடும். முதல்வரிடம் போகும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். "வீட்டில் கஷ்டம்" என்று மட்டும் சொன்னால் பரிதாபப்பட்டு அனுப்பிவிடுவார்கள், அட்டவணை அப்படியே இருக்கும்.

பலர் சறுக்கும் இடம் டே ஆர்டர்தான். நடுவில் ஒரு அரசு விடுமுறை வந்தால் டே ஆர்டர் நகர்ந்துவிடும், கிழமை நகராது. "எனக்குச் செவ்வாய் ஃப்ரீ" என்று நம்பிப் பிசியோதெரபிஸ்டைச் செவ்வாய் மத்தியானம் வரச் சொன்னால், மூன்றாவது வாரம் அதே நேரத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டில் நின்றுகொண்டிருப்பீர்கள். வீட்டுக்கு வருபவர் எவரானாலும் மாலை 5 மணிக்கு மேல், அல்லது ஞாயிறு.

விடைத்தாளை வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். ஒரு வகுப்புக்கு 64 தாள் என்று வைத்து, தாளுக்கு 5 நிமிடம் என்றால் 5 மணி 20 நிமிடம். கையில் நிற்கும் அந்த 8 மணிக்குள் ஒரே வாரத்தில் முடியும். ஒரு தாளை முழுதாகத் திருத்தாமல், 64 பேரின் முதல் கணக்கையும் ஒரே மூச்சில் திருத்திவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். கணக்குத் தாளில் நேரத்தைத் தின்பது, தப்பு எங்கே ஆரம்பித்தது என்று பின்னோக்கித் தேடுவது. மொத்த லாபம், நிகர லாபம், இருப்புநிலைக் குறிப்பின் இருபக்க மொத்தம் என்று நாலு கட்டம் போட்டு வினாத்தாளோடு கொடுத்து, மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். எந்தக் கட்டத்தில் இடறினார்கள் என்பது பார்த்ததும் தெரியும்.

நடத்தும் ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு பயிற்சித் தாள், விடையோடு, துறை அலமாரியில் எப்போதும் இருக்கட்டும். திடீரென்று லீவு போட்டால், மாற்று ஏற்பாட்டில் கையெழுத்துப் போட்டவர் அதை எடுத்து வகுப்பை நடத்திவிடுவார்.

தீர்த்தமலை பதில்:

படுக்கை நோயாளிகளைக் கவனிக்கும் நர்சிங் பக்கத்து ஆள் நான். இரவுக்கு வழி இருக்கிறது மேடம்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவது சாதாரண மெத்தைக்கான கணக்கு. மாறி மாறிக் காற்றேறும் ஏர் பெட் போட்டு, தோலும் நன்றாக இருந்தால், இரவில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போதும். 10, 2, 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் இல்லாத வாரங்களில் 2 மணி முறை கணவருடையது. அப்போது உங்களுக்கு 10 முதல் 6 வரை தொடர் தூக்கம். நேர் பக்கவாட்டில் படுக்கவைக்காமல் முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் வையுங்கள். முட்டிகளுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையைத் தொடாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே ஒன்று.

தோலை எப்படிப் பார்ப்பது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். "சிவந்தால் கவனி" என்று சொல்லி அனுப்புவார்கள். நம்மவர்களின் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. வால் எலும்பு, இடுப்பெலும்பு, குதிகால் மூன்றிலும் புறங்கையை வையுங்கள். சுற்றுப்புறத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதுதான் படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அப்படி ஒன்று தட்டுப்பட்டால் நாலு மணிக் கணக்கை விட்டுவிட்டு மறுபடி இரண்டு மணி நேரக் கணக்குக்கு வந்துவிடுங்கள், அந்தப் பக்கம் படுக்கவைக்கவே வேண்டாம். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்தால் உள்ளே இருக்கும் சதை இன்னும் கெடும். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். அது சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கிறது.

ஏர் பெட் பம்பை இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத்தான் ஆரம்பிக்கும், நீங்கள் பஸ்ஸில் இருப்பீர்கள். காற்று இறங்கியது மேலே பார்த்தால் தெரியாது. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, ஏர் பெட்டுக்கு அடியில், இடுப்புக்கு நேராக நுழைக்கச் சொல்லுங்கள். கைக்கும் உடம்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் மெத்தை வேலை செய்யவில்லை. பகலில் வரும் அம்மாவுக்கு இதை ஒருமுறை கையைப் பிடித்துச் செய்து காட்டுங்கள்.

ஆகாரம் 6, 8.30, 11, 1.30, 4, 6.30, 9 என்று ஏழு வேளை, வேளைக்கு 200 மில்லி. முன்னும் பின்னும் சேர்த்து 50 மில்லி வெந்நீர் ஆறவைத்து விட்டால் நாளுக்கு 1,750 மில்லி ஆகும். இதயம், சிறுநீரகம் பிரச்சினை இருந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார், கேட்டுக்கொள்ளுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்த்தித்தான் விட வேண்டும், விட்ட பிறகும் அரை மணியாவது அப்படியே. 50 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டுத் தானாக இறங்க விடுங்கள், பிஸ்டனால் தள்ளக் கூடாது. மூக்கருகே குழாயில் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்து, அந்தக் கோடு நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட விடாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கிவிடாதீர்கள். செயலிழந்த தோள் மூட்டு எளிதாக இறங்கிவிடும். இடுப்பையும் தோள்பட்டை எலும்பையும் அணைத்துத்தான் திருப்ப வேண்டும்.

இன்னொன்று. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பலர் அதைச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுப்பது என்று மட்டும் நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலிதணிப்புப் பராமரிப்பு இரண்டும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு பதிவு செய்யுங்கள். அவர்கள் சொல்லிக்கொடுப்பதை மற்ற நாள்களில் வீட்டார் செய்தால்தான் பலன். முதல் 3 முதல் 6 மாதத்தில்தான் அதிகம் தேறும்.

பாலக்கோடு தக்காளி பதில்:

கரும்பலகை சார் சொன்னதில் எனக்கு ஒரு மாறுபாடு. அட்டவணை மாற்றம் செமஸ்டர் நடுவில் கிடைக்காது. கிடைக்கும் வரை எப்படி ஓட்டுவது? இப்போதே மூன்று வாரம் சம்பளமில்லா லீவு போட்டு, பகலில் வரும் அம்மாவுக்குக் குழாய், திருப்புதல், டயப்பர் எல்லாவற்றையும் கூடவே இருந்து பழக்கிவிடுங்கள். பழகாத கையில் விட்டுவிட்டு வந்தால் 11 மணிக்கும் 1.30க்கும் போன் வந்துகொண்டே இருக்கும். அது வகுப்பும் இல்லை, லீவும் இல்லை.

பேரேடு பதில்:

கல்லூரி அலுவலகத்தில் பணிப்பதிவேடு பார்க்கும் ஆள்.

மெடிக்கல் லீவ் உங்கள் சொந்த நோய்க்கு மட்டுமே. அத்தைக்காக உங்கள் பெயரில் சான்று வாங்கிப் போட்டால், பிறகு யாராவது கிளறும்போது பதில் சொல்ல முடியாது. மத்திய அரசில் இருக்கும் 730 நாள் விடுப்பும் குழந்தைப் பராமரிப்புக்குத்தான், பெரியவர்களுக்கு இல்லை. இதைப் படிக்கும் அரசுக் கல்லூரிக்காரர்களுக்கு: தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12, இடையில் வரும் விடுமுறையோடு சேர்த்து ஒரே மூச்சில் 10 நாளைத் தாண்டக் கூடாது. அரை நாளாகவும் எடுக்கலாம், அதைத்தான் இப்படிப்பட்ட வீடுகளில் பயன்படுத்த வேண்டும். சுயநிதியில் எத்தனை நாள் என்பது உங்கள் நியமன ஆணையில் இருக்கும். முதலில் அதை எடுத்துப் படியுங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் நிற்காது.

தக்காளியார் சொன்ன மூன்று வார லீவு நல்ல யோசனைதான். ஆனால் எழுத்தில் விண்ணப்பித்து, அனுமதி ஆணையை எழுத்தில் வாங்குங்கள். "போயிட்டு வாங்க மேடம், பார்த்துக்கலாம்" என்பதை நம்பிப் போனால் திரும்பி வரும்போது புது நியமனம் என்று ஆணை அடிப்பார்கள். பணிமுறிவு விழும், அனுபவச் சான்றில் இரண்டு துண்டாக வரும்.

பி.எஃப். பிடித்தம் இருந்தால் குடும்பத்தினர் சிகிச்சைக்கு முன்பணம் எடுக்கலாம். பக்கவாதம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பெண் உறுப்பினருக்குக் கணவரைச் சார்ந்திருக்கும் அவருடைய பெற்றோரும் குடும்பம்தான், அதனால் உங்கள் கணக்கிலிருந்தே கேட்கலாம். வருமான வரியில் இது தலைகீழ். நம்மைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்கான கழிவு (1961 சட்டத்தில் 80டிடி) பெற்றோருக்கு உண்டு, மாமனார் மாமியாருக்கு இல்லை. கணவர்தான் கோர வேண்டும், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 75,000, 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய். பில் சேர்த்து வைக்காவிட்டாலும் கிடைக்கும் நிலையான தொகை இது. மாற்றுத்திறனாளிச் சான்றுக்கு இப்போதே ஓடாதீர்கள், பக்கவாதத்தில் பொதுவாக 6 மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள்.

பிஎச்.டி.க்கு யுஜிசி உச்சவரம்பு 6 வருடம். மறுபதிவு செய்து 2 வருடம் நீட்டிக்கலாம், பெண்களுக்கு மேலும் 2, ஆக மொத்தம் 10ஐத் தாண்டக் கூடாது. அதனால் ஐந்தாம் வருடத்தில் பயம் வேண்டாம். ஆறு முடியும் முன் நெறியாளர் பரிந்துரையோடு விண்ணப்பம் பல்கலைக்கழகத்தில் இருக்க வேண்டும், காலாவதியான பிறகு போனால் அலைச்சல் அதிகம். அதுவரை ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன் அறிக்கையை வைத்துவிடுங்கள். வேலை நகராத செமஸ்டராக இருந்தாலும் அறிக்கை நிற்கக் கூடாது.

சனத்குமாரநதி:

எல்லோருக்கும் நன்றி. தக்காளி சார் சொன்ன மாதிரி 11 மணி போன் தினமும் வருகிறது, அதுவும் ஒரே விஷயத்துக்கு. குழாய் அடைத்துக்கொள்கிறது. கேழ்வரகுக் கஞ்சிதான் கொடுக்கிறோம்.

தீர்த்தமலை பதில்:

காலையில் காய்ச்சி ஃபிளாஸ்கில் வைத்ததைத்தானே 11 மணிக்கு விடுகிறார்கள்? கேழ்வரகு சூட்டில் தண்ணியாகத்தான் தெரியும், ஆற ஆறக் கூழாகிவிடும். களி கிண்டும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டு மாவில் உமி இருக்கும். மாவை ஊறவைத்து, மெல்லிய வேட்டித் துணியில் வடித்து, அந்தப் பாலை மட்டும் காய்ச்சுங்கள். 200 மில்லிக்கு ஒன்றரை டீஸ்பூன் மாவுக்கு மேல் வேண்டாம். விடும் முன் ஒரு ஸ்பூனில் எடுத்துச் சாய்த்தால் பால் மாதிரி ஓட வேண்டும், ஸ்பூனில் ஒட்டினால் வெந்நீர் சேர்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பாக விட வேண்டும், சூடாக அல்ல. நாள் முழுக்க இதையே கொடுக்காமல் பால், பருப்புத் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

மாத்திரையைக் கஞ்சியில் கலக்கிறார்களா என்றும் பாருங்கள். பாதி அடைப்பு அதனால்தான். ஒவ்வொன்றாகப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே தண்ணீர் விட வேண்டும். மேலே மினுமினுப்புப் பூச்சு உள்ளதையும், மெதுவாகக் கரையும் வகையையும் பொடிக்கவே கூடாது, மாற்று எழுதித்தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அடைத்துவிட்டால் 20 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து லேசாக முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கலாம். போகவில்லை என்றால் குச்சி, கம்பி எதுவும் நுழைக்காமல் குழாயை மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.

கரும்பலகை:

விட்டுப்போனது ஒன்று. தேர்வு மதிப்பீட்டு முகாம் சேலத்தில் போட்டால் தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தாலே நீங்கள் வீடு சேர 9 தாண்டிவிடும். முகாம் தேதி வந்த அன்றே கணவரின் ஷிஃப்ட் அட்டவணையோடு ஒப்பிட்டு, அவர் மாலையில் வீட்டில் இருக்கும் வாரத்துக்கு உங்கள் பெயரைக் கேளுங்கள். ஹால் டூட்டியில் பிற்பகல் அமர்வைக் கேட்டு வாங்குங்கள், முற்பகலுக்கு 9.30க்கே நிற்கச் சொல்வார்கள்.