நெடுநாள் நின்ற மியூரா பி400 எஸ்: ஸ்டார்ட் பண்ணும் முன் என்ன செய்யணும்?

வி12ரசிகன்:
லம்போர்கினி மியூரா பி400 எஸ், இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார், 1969 மாடல். பல வருஷமா ஓடலை. பெயின்ட் ஃபாக்டரியில அடிச்சதுதான். முன் மூடி ஓரத்துல மட்டும் சில இடத்துல குமிழ். உரிமையாளர் முழுசாப் பிரிச்சு புது பெயின்ட் அடிக்கச் சொல்றார். இன்ஜினை முதல்ல பார்க்கறதா, பாடியையா?

கிராங்க்:
இன்ஜின்தான். ஆனா ஸ்டார்ட்டர் பக்கமே போகாதீங்க. 12 ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டருக்கு 5 மில்லி மெல்லிய ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊற வைங்க. அப்புறம் நியூட்ரல்ல போட்டு கிராங்கை (பிஸ்டன்களை ஓட்டற முக்கியத் தண்டு) கையால சுத்துங்க. எங்கயாவது தடுத்தா அங்கயே நிறுத்துங்க. வால்வு அதோட கைடுல (வழிகாட்டிக் குழாய்) ஒட்டியிருக்கலாம், வலிஞ்சு சுத்தினா வால்வு வளையும்.

சுத்தறதுக்கு முன்னாடியே பழைய ஆயிலை வடிச்சுப் பாருங்க. எஸ் மாடல்ல இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஒரே ஆயில். (அடுத்து வந்த எஸ்வி மாடலோட கடைசிக் காலத்து கார்கள்லதான் பிரிச்சாங்க.) கியர்ல உதிர்ற துகள் பேரிங் வரைக்கும் போக வழியிருக்கு, இந்த இன்ஜினோட பலவீனமே அதுதான். ஃபில்டரை அறுத்து விரிச்சு காந்தம் வையுங்க. காந்தத்துல ஒட்டினா எஃகு, பெரும்பாலும் கியர் பல். ஒட்டாத மஞ்சள் தூள்னா பித்தளை, வெண்கலப் பாகம். மெல்லிய சாம்பல் செதில்னா பேரிங். சம்ப்பை (இன்ஜின் அடியில இருக்கற ஆயில் தொட்டி) திறக்காம மேல போகாதீங்க.

புது ஆயில் சிங்க் (துத்தநாகம்) அதிகமுள்ள 20டபிள்யூ-50 மினரல். கியர் இருக்கேன்னு ஜிஎல்-5 ரக கியர் ஆயில் கலக்க வேண்டாம். அதுல உள்ள கந்தகச் சேர்க்கை பித்தளை பாகங்களை அரிக்கும். பிளக் இல்லாமலே 10 விநாடி வீதம் ஸ்டார்ட்டரால சுத்தி, ஆயில் பிரஷர் முள் ஏறின பிறகுதான் பிளக் மாட்டணும்.

ஃப்ளோட்_நீடில்:
பெட்ரோல் பக்கத்தை விட்டுட்டீங்களே. மியூரா தீப்பிடிச்ச கதைகள் பலதும் இங்கதான் ஆரம்பிக்குது. மூணு தொண்டை வெபர் கார்புரேட்டர் நாலு, சூடான வி12 (12 சிலிண்டர் இன்ஜின்) மேலயே உட்கார்ந்திருக்கு. டேங்க்ல இருந்து துருத் துகள் ஒண்ணு நீடில் வால்வுல (கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வரவை நிறுத்தற ஊசி) மாட்டினா பெட்ரோல் இன்ஜின் மேலதான் வழியும்.

டேங்கை இறக்கிச் சுத்தம் பண்ணுங்க. ரப்பர் ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கற புது ரகமா மாத்துங்க. நீடில், சீட், கேஸ்கெட் புதுசு. பிரஷர் ரெகுலேட்டர் போட்டு 0.2–0.25 பார்ல நிறுத்துங்க. முதல் ஓட்டத்துல இன்ஜின் மேல இருக்கற பின்மூடி திறந்தே இருக்கட்டும், பக்கத்துல தீயணைப்பான் வேணும். நின்னபடி ரேஸ் கொடுக்கவே கூடாது.

பழைய_தகரம்:
பெயின்ட் விஷயத்துல உரிமையாளரைத் தயவுசெய்து தடுங்க. புதுசா யார் வேணா அடிக்கலாம். 1969ல அடிச்சது ஒரு தடவைதான் இருக்கும், சுரண்டினா திரும்ப வராது. முன்மூடி அலுமினியம், அது எஃகைத் தொடற ஓரத்துல ஈரம் நின்னா அரிப்பு வந்து குமிழ் விடும். அந்த இடத்தை மட்டும் திறந்து, ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல தடுப்பு வெச்சு, அதே நிறத்துல தொடுங்க. பேனல், தோல் உறைகளோட பின்புறம் பாடி எண் இருக்கான்னு பார்த்து, கழற்றும் முன்னாடி படம் எடுங்க.

உண்மையான ஆபத்து கீழதான். சாஸி (காரோட அடிச்சட்டம்) மெல்லிய தகடை மடிச்ச பெட்டி, எடை குறைக்க ஓட்டை போட்டது. தண்ணி போய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். போரஸ்கோப் (மெல்லிய குழாய் கேமரா) விட்டுப் பாருங்க. உலர்ந்த பிறகுதான் கேவிட்டி மெழுகு (உள் பொந்துகள்ல அடிக்கற துருத் தடுப்பு). ஈரத்தோட அடிச்சா துருவை மூடி வளர்க்கற மாதிரி.

வி12ரசிகன்:
பெயின்ட் பழசுதான்னு உரிமையாளருக்குக் காட்டறதுக்கு கனமானி (பெயின்ட் தடிமன் அளக்கற கருவி) போதுமா?

பழைய_தகரம்:
காந்தவகை மட்டும்னா அலுமினியத்துல காட்டாது. எடி கரன்ட் வகையும் (அலுமினியம் மாதிரி காந்தம் ஒட்டாத உலோகத்துல அளக்கறது) சேர்ந்த மானி வாங்குங்க. ஒவ்வொரு பேனல்லயும் பத்து இடம் அளந்து எழுதுங்க. ஒரு பேனல் மட்டும் திடீர்னு தடிச்சா அங்க ஃபில்லரோ (பள்ளம் நிரப்பற பட்டி) இன்னொரு கோட்டோ இருக்கு. பாலிஷுக்கு முன்னாடியே இந்த அளவு எடுங்க.