10.31க்குச் சாம்பல் நிறமான பொத்தான்: கடைசித் தேதியில் உங்களுக்கு நடந்தது என்ன?

ஃப்ளாக் பெண்

இரண்டு வருடமாகிவிட்டது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இங்கே கொட்டிவிடுகிறேன்.

மொரீஷியஸிலிருந்து இந்தியாவுக்குப் போய்ப் படிக்க உதவித்தொகை. அந்த விண்ணப்பம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கெல்லாம் தெரியும், விளக்கப் போவதில்லை. மருத்துவச் சான்றிதழ் கடைசி நாள் மாலைதான் கைக்கு வந்தது. ஸ்கேன் செய்து, அளவைக் குறைத்து, ஏற்றி முடிக்கும்போது இரவு பத்தேகால். நள்ளிரவு வரை நேரம் இருக்கிறதே, கட்டுரையை இன்னொரு முறை படித்துவிட்டு அனுப்பலாம் என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா ஃபராத்தா கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். பிய்த்துத் தின்றேன். எண்ணெய்க் கையோடு கணினியைத் தொடாதே என்று சிறு வயதிலிருந்து திட்டு வாங்கி வளர்ந்தவள். எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, வந்து அழுத்துகிறேன். பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. மணி 10.31.

அவர்கள் சொன்ன நள்ளிரவு டெல்லியின் நள்ளிரவு. நம்மைவிட அவர்கள் ஒன்றரை மணி நேரம் முன்னால். என் சித்தி சென்னையில் இருக்கிறார், வாரம் தவறாமல் அவரோடு பேசுகிறேன், “அங்கே தூங்கியிருப்பார்கள்” என்று தினமும் கணக்குப் போடுகிற வீடு எங்களுடையது. அன்று மட்டும் அந்தக் கணக்கு வரவில்லை.

இப்போதும் ஃபராத்தா தின்னும்போது விரலில் ஒட்டும் எண்ணெயைப் பார்ப்பேன். கழுவப் போகாமல் அப்படியே அழுத்தியிருந்தால்?

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். நான் மட்டும்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டிருக்க விருப்பமில்லை.

காவடிக்காரி, கத்ர போர்ன்

தங்கையே, கோபித்துக்கொள்ளாதே. கை கழுவியதா தப்பு? சான்றிதழை ஒரு வாரம் முன்னால் வாங்காததுதான் தப்பு. சரி, என் கதை.

2025 பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம். பொது விடுமுறை. மறுநாள் புதன் காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. நாட்காட்டியில் சிவப்பாக இருப்பது ஒரு நாள்தான், பத்து நாள் விரதம் அதில் எங்கே தெரியப் போகிறது? யாரிடமும் போய்த் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கவும் இல்லை. வேண்டுதல் என்னுடையது, தேர்வும் என்னுடையது.

கோர் தெ கார்ட் மலைக் கோயிலுக்குப் பால் செம்பு எடுத்தேன். பிப்ரவரி வெயிலில் தார் எப்படி இருக்கும் என்று நடந்தவர்களுக்குத் தெரியும். வழியில் வீட்டுக்கு வீடு தண்ணீர் ஊற்றினார்கள். ஊற்றாத இடங்கள்தான் காலில் எழுதியிருந்தன. மறுநாள் காலை செருப்புக்குள் கால் போகவில்லை. அப்பா வளாக வாசல்வரை காரில் கொண்டுவந்து விட்டார். அங்கிருந்து அரங்கத்துக்கு நடந்த நூறு அடி, முந்தைய நாள் ஏறிய படிகளைவிட மோசம்.

உட்கார்ந்ததும் மேசைக்கு அடியில் செருப்பைக் கழற்றினேன். இரண்டாம் கேள்விக்குப் பேனா மை தீர்ந்தது. இன்னொன்றை எடுக்கக் குனிந்தேன். எனக்கு முன்வரிசையில் ஒரு பையன். அவனும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தான். கணுக்காலில் மஞ்சள் இன்னும் போகவில்லை, பாதத்தில் கொப்புளம். அந்த வருடம் முழுக்க ஒரே வகுப்பில் இருந்தோம், அவன் தமிழ் வீட்டுப் பையன் என்றே எனக்குத் தெரியாது. பிரெஞ்சுப் பெயர், கிரியோல் பேச்சு.

தேர்வு முடிந்து நிமிர்வதற்குள் போய்விட்டான். பிறகும் கேட்கவில்லை. என்ன கேட்பது? “உன் காலைப் பார்த்தேன்” என்றா?

ரோஸ் ஹில் பையன்

பெலால் புயல். 2024 ஜனவரி 15, திங்கள். வேறு விளக்கம் வேண்டுமா?

எனக்கு அன்று மாலை நான்கு மணிக்கு ஆய்வேடு ஒப்படைக்க வேண்டும். பைண்டு செய்யக் கொடுத்த கடை போர்ட் லூயிஸில், ஏனென்றால் அங்கேதான் மலிவு. காலையில் ஊரே வேலைக்குப் போனது, நானும் போனேன். பகலில் தண்ணீர் வந்தது. மெல்ல ஏறவில்லை, தெருவே ஆறாகி ஓடி வந்தது. கடைக்காரர் என் இரண்டு பிரதிகளையும் மேல் தட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். நாங்கள் இருவரும் மேசை மேல் ஏறி நின்றோம்.

அப்போது வாசலைத் தாண்டி ஒரு வெள்ளைக் கார் மிதந்து போனது. உள்ளே ஆள் இல்லை. வைப்பர் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. யாருக்காகத் துடைக்கிறது?

அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் செய்தி: ஒப்படைப்பு ஒத்திவைப்பு, புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். நான் சிரித்துவிட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. அவருடைய இயந்திரம் தண்ணீருக்குள் இருந்தது. அந்தச் சிரிப்புத்தான் இப்போதும் உறுத்துகிறது.

மாயேபூர் பெரியவர்

எல்லாம் படித்தேன். என் கதை சிறியது. 1991, ஆகஸ்ட். பதிவுக்குக் கடைசி நாள், மாலை நான்கு மணி. மாயேபூரிலிருந்து கியூர்பிப் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. பல்கலைக்கழகம் இருக்கிற ரெட்யூய்க்கு மெட்ரோ வந்ததே 2023இல்தான், அதுவும் எங்கள் பக்கம் வராது. கரும்பு வெட்டும் பருவம் வேறு. கரும்பு லாரி ஒன்று சாலையில் படுத்துக்கொண்டது. நான் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி ஐந்து நிமிடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் அம்மாள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். அவ்வளவுதான். ஒரு வருடம் போயிற்று.

ஃப்ளாக் பெண்ணே, உனக்கும் உன்னைப் போன்றவர்களுக்கும் சில விஷயங்கள். என் இரு பிள்ளைகளையும் வெளிநாட்டில் படிக்க வைத்த அனுபவத்தில் சொல்கிறேன். கடைசித் தேதி என்பது தேதி மட்டும் கிடையாது, எந்த ஊர் மணி என்றும் பார்க்க வேண்டும். பிரிட்டனுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் கவனிக்க: அங்கே பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸின் ஜனவரிக் கெடு அவர்களுடைய மாலை ஆறு மணி. நமக்கு இரவு பத்து. ஆனால் மருத்துவத்துக்கும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் கெடு அக்டோபர் 15. அப்போதும் மாலை ஆறுதான், ஆனால் அவர்கள் கோடைக்கால நேரத்தில் இருப்பார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறன்றுதான் கடிகாரத்தைப் பின்னால் திருப்புவார்கள். ஆகவே நமக்கு இரவு ஒன்பது. என் மூத்தவன் பத்து என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போனான்; கதவைத் தட்டி ஈரத் துண்டோடு இழுத்து வந்தேன்.

பிரான்ஸ் என்றால் குளிர்காலத்தில் மூன்று மணி நேர வித்தியாசம், கோடையில் இரண்டு. மாறுவது மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். பாரிஸ் நள்ளிரவு ஜனவரியில் நமக்கு விடியற்காலை மூன்று மணி; அது நமக்குச் சாதகம், ஆனால் தூங்கிவிடுவீர்கள். டர்பன், கேப் டவுன் பக்கம் போகிறவர்களுக்கு வருடம் முழுக்க இரண்டு மணி நேரம்தான், அவர்கள் மாற்றுவதில்லை. பக்கத்துத் தீவு ரியூனியன் நம்மோடு ஒரே நேரம், கவலையில்லை. நாமும் மாற்றிப் பார்த்திருக்கிறோம்: 2008 அக்டோபரில் ஒரு மணி நேரம் முன்னால் வைத்து, 2009 மார்ச்சில் பழையபடி திருப்பினார்கள், அதோடு சரி. அந்தக் கோடையில் என் மனைவி அடுப்படிக் கடிகாரத்தை மாற்ற மறுத்துவிட்டார். பகல் சாப்பாடு பழைய நேரத்துக்கே வந்தது.

ஆகவே, ஒன்று, கெடுவை எழுதி வைக்கும்போது நம் மணியில் எழுதுங்கள். இரண்டு, அதையும் ஆறு மணி நேரம் முன்னதாக எழுதுங்கள். மூன்று, கோப்பின் அளவு, புகைப்படத்தின் பின்னணி நிறம், பெயரின் எழுத்துக்கூட்டு மூன்றையும் முதல் நாளே பாருங்கள். நம் பெயர்களை அந்தக் காலத்தில் பதிவாளர்கள் காதில் விழுந்தபடி எழுதி வைத்தார்கள். பிறப்புச் சான்றில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று என்று இருந்தால் அதைத் திருத்த வாரக் கணக்கில் அலைய வேண்டும். நான்கு

ரோஸ் ஹில் பையன்

ஐயா, “நான்கு” என்று பாதியில் நிற்கிறது.

மாயேபூர் பெரியவர்

நான்கு, மின்சாரம் போகலாம். தம்பி, கை தவறி அனுப்பிவிட்டேன்.

மோக்கா_மணியடிப்பவள்

பெரியவரிடம் யாரும் அறிவுரை கேட்கவில்லை, இருந்தாலும் யூகாஸ் விஷயத்தைக் குறித்துக்கொண்டேன்.

என்னுடையது கெடு பற்றியதா, நிகழ்ச்சி பற்றியதா என்று தெரியவில்லை. எங்கள் வளாகத் தமிழ்ப் பேச்சுப் போட்டி. பெயர் கொடுக்கக் கடைசி வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி. ஐந்து பேராவது இல்லாவிட்டால் போட்டி இல்லை. இரண்டரை மணிக்கு மூன்று பெயர். நான் உணவகத்துக்கு ஓடினேன். தால்பூரி தின்றுகொண்டிருந்த இருவரை மடக்கி, எழுதுங்கள், மேடையில் ஏதாவது சொல்லுங்கள், மூன்றே நிமிடம் என்றேன். ஒருவன் சொன்னான், “எனக்குத் தமிழ் படிக்க வராது. ஒரு சொல்லைத் தவிர.” பரவாயில்லை என்று எழுதிக்கொண்டேன்.

போட்டியன்று மேடை ஏறினான். பையிலிருந்து நம் நூறு ரூபாய் நோட்டை எடுத்து விரித்துப் பிடித்து, “நூறு” என்று படித்தான். எல்லோரும் சிரித்தார்கள். “இவர் சீனிவாசன்” என்று நோட்டில் இருந்த தமிழ்த் தலைவரின் படத்தைக் காட்டினான். கைதட்டல். அதற்குப் பிறகு அவனிடம் தமிழ் இல்லை, கிரியோலுக்குப் போய்விட்டான். 1998இல் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே தள்ளி அச்சடித்ததையும், எதிர்ப்பு கிளம்பி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றதையும், மறு வருடம் ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ் என்று பழைய வரிசையில் வந்ததையும் சொன்னான். அரங்கம் அமைதியாகிவிட்டது. “அப்போது என் தாத்தா...” என்று ஆரம்பித்தான்.

நேரம் பார்ப்பவள் நான். மூன்று நிமிடம். மணியை அடித்தேன்.

அவன் சட்டென்று நிறுத்தி, நோட்டை நான்காக மடித்து, இறங்கிவிட்டான். நடுவர்கள் எப்படியும் மதிப்பெண் போட்டிருக்க மாட்டார்கள், தமிழ் மட்டும் என்பது விதி. அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தத் தாத்தா என்ன செய்தார்?

வாக்வா காற்றாடி

மிதந்து போகிற காரில் எப்படி வைப்பர் ஓடும்? தண்ணீர் புகுந்ததும் மின்சாரம் அறுந்துவிடும். மேலும் புயல் எச்சரிக்கை ஏறிக்கொண்டிருக்கும்போது தலைநகருக்குப் போனது யார் தப்பு? எங்கள் தலைமுறையில் முதல் எச்சரிக்கைக்கே சன்னல் பலகையை அடிப்போம். நான்காம் எச்சரிக்கை என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஏற்கெனவே வீசுகிறது என்று பொருள், அதுவரை காத்திருப்பது வீரமல்ல. எனக்குச் சொந்த அனுபவம் எதுவும் இல்லை, நான் எப்போதும் முன்கூட்டியே ஒப்படைத்துவிடுவேன்.

ரோஸ் ஹில் பையன்

சாவியைத் திருப்பியபடி விட்டுவிட்டு ஓடியிருப்பார் ஐயா. வைப்பர் ஓடியது. நான் பார்த்தேன்.

மணியடித்த அக்கா, அவனையே கேட்டிருக்கலாமே? வளாகம் சிறியதுதானே.

மோக்கா_மணியடிப்பவள்

அடுத்த பருவத்தில் அவன் வேறு படிப்புக்கு மாறிப் போய்விட்டான். இந்த வருடப் போட்டிக்கு நானேதான் பெயர் வாங்குகிறேன். இதுவரை இரண்டு. வெள்ளி மூன்று மணிவரை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன், பேச்சுக்கு ஐந்து நிமிடமாக்கிவிட்டோம்.

காவடிக்காரி, கத்ர போர்ன்

என் பெயரையும் எழுதிக்கொள். இன்னொரு பெயரையும் கொண்டுவரப் பார்க்கிறேன். முன்வரிசைக்காரன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

ஃப்ளாக் பெண்

இத்தனை பேரா! நன்றி.

இந்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கிறேன். கைப்பேசியில் இந்திய நேரத்தை வைத்துவிட்டேன், அதனால் நேற்று பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் நின்றேன். பெரியவரே, புகைப்படத்தின் பின்னணி வெள்ளையாகத்தான் இருக்க வேண்டுமா? என்னுடையது லேசான நீலம்.