'தாய்ப்பால் மட்டும்': நேற்றைக் கேட்பதா, பிறந்த நாள் முதல் கேட்பதா?

கேள்வி:
ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் ஆறு மாதம் நிறையாத குழந்தைகளுள் எத்தனை பேர் தாய்ப்பாலை மட்டுமே உண்கிறார்கள் என்று ஆய்வேட்டுக்காகக் கணக்கெடுத்து வருகிறேன். "நேற்று பகலிலும் இரவிலும் என்னென்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் "பால் மட்டும்தான்" என்கிற தாய்மாரே, பிறந்த அன்று பாட்டி சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்ததையும், போன வாரம் வயிற்று உப்புசத்துக்கு ஓமத் தண்ணீர் கொடுத்ததையும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறார்கள். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுமொழி 1:
உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வகுத்த குறியீட்டின்படி, இவர்கள் 'மட்டும்' கணக்கில்தான் வருவார்கள். அது முந்தைய நாளை மட்டுமே பார்க்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் இந்தியாவுக்குக் கிடைத்த 63.7 விழுக்காட்டோடும் தமிழ்நாட்டின் 55.1 விழுக்காட்டோடும் ஒப்பிட விரும்பினால் கேள்வியை மாற்றாதீர்கள்; சர்க்கரைத் தண்ணீரைத் தனியாகக் கேளுங்கள். பீய்ச்சி எடுத்துக் கொடுத்த தாய்ப்பால், வைட்டமின் சொட்டுகள், மருந்துகள், உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. வெறும் தண்ணீருக்குக் கிடையாது.

மறுமொழி 2:
ஒப்பிடுவதற்கு அது சரி. ஆனால் கிடைக்கும் எண்ணை "ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே உண்டவர்கள்" என்று எழுதிவிடாதீர்கள். அறிக்கைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். பிறந்து பத்து நாளான குழந்தையும் ஐந்தரை மாதக் குழந்தையும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. பத்து நாள் குழந்தைக்கு இன்னும் யாரும் தண்ணீர் புகட்டவில்லை என்பதில் வியப்பென்ன? சுவீடனின் உப்சாலாவில் தாய்மாரை நாள்தோறும் குறித்துவைக்கச் சொல்லி நடத்திய, 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நான்கு மாத வயதில் முந்தைய 24 மணி நேரத்தை வைத்துப் பார்த்தபோது 73 விழுக்காடு கிடைத்தது. பிறந்தது முதல் பார்த்தபோது அதே குழந்தைகளில் 30 விழுக்காடுதான். ஆகவே இரண்டையும் கேட்டு, மாத வாரியாகப் பிரித்து, தனித்தனிப் பெயரில் அட்டவணையிடுங்கள்.

மறுமொழி 3:
"வேறு ஏதாவது கொடுத்தீர்களா?" என்று பொதுவாகக் கேட்டால் ஓமத் தண்ணீரும் உரைமருந்தும் நினைவுக்கே வராது, ஏனெனில் வீட்டில் அவற்றை யாரும் உணவாக எண்ணுவதில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தாய்க்கு டியூட்டீரியம் (எடை கூடிய ஹைட்ரஜன் வகை) கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, பதினான்கு நாட்கள் தாய், சேய் இருவரின் உமிழ்நீரையும் சோதித்து, குழந்தை உண்ட தாய்ப்பாலையும் பிற நீரையும் அளக்கும் முறையும் உண்டு. ஆய்வேட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. படிவத்தைத் திருத்துகிறேன். மாமியார் அருகில் அமர்ந்திருக்கையில் தாய் சொல்லும் பதிலையும் தனியே கேட்கையில் சொல்லும் பதிலையும் அடையாளமிட ஒரு கட்டம் சேர்க்கலாமா?

மறுமொழி 3:
கட்டாயம் சேருங்கள். ஓமத் தண்ணீரைப் பற்றி மாமியாரிடமே கேட்பது இன்னும் நல்லது.