சனசமூக நிலையத்தில் ஆண்டுவிழாவைத் தவிர வேறென்ன செய்யலாம்?

கிணற்றடி எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் ஒரு சின்னப் பட்டினம், பேர் வேண்டாம், இங்கே எழுதுபவர்களில் பாதிப்பேருக்கு எப்படியும் பிடிபட்டுவிடும். போன பொதுக்கூட்டத்தில் பழைய ஆட்கள் ஒதுங்கிக்கொண்டு, எங்களைப் போல நாலைந்து இளம் ஆட்களை நிர்வாகசபைக்குள் தள்ளிவிட்டார்கள். செயலாளர் பதவி என் தலையில்.

நிலையத்தில் வசதிக்குக் குறை சொல்ல ஏலாது. மண்டபம், வாசிகசாலை, பக்கத்தில் முன்பள்ளி, பின்னால் கரப்பந்து மைதானம், வெளிநாட்டுக் காசில் கட்டிய மேடை எல்லாம் இருக்கிறது. காலையில் ஓய்வூதியக்காரர் வந்து உதயனையும் வீரகேசரியையும் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வாசிப்பார்கள், மரண அறிவித்தல் பக்கத்துக்குத்தான் எப்பவும் போட்டி. அவர்கள் போனால் முன்பள்ளிப் பிள்ளைகளின் சத்தம் மட்டும். பின்னேரம் பெடியள் கரப்பந்து அடித்துவிட்டு, இருட்டினதும் மதிலில் ஏறியிருந்து போன் பார்ப்பார்கள். பெண்கள் என்றால் பிள்ளையை விட வரும் தாய்மார்தான், அவர்களும் படலையோடு சரி.

வருசத்தில் ஒரு நாள் ஊரே திரளும். ஆண்டுவிழா. மங்கல விளக்கேற்றி, வரவேற்புரை, பிரதம விருந்தினர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, பொன்னாடை என்று இழுத்து, சோடித்து வந்த சின்னப்பிள்ளைகள் மேடைக்கு ஏறும்போது இரவு பத்தரை, பாதிப் பிள்ளை தாயின் மடியில் நித்திரை. அடுத்த நாள் கதிரைக்காரன் வந்து கதிரையை ஏற்றுவான், அதோடு மண்டபத்துக்குப் பூட்டு.

இப்போது கனடாவில் இருக்கிற ஒரு அண்ணர் ஜிம் சாமான் வாங்கக் காசு தருகிறேன் என்கிறார், லண்டனில் இருந்து இன்னொருவர் கணினி அறை போடச் சொல்கிறார். முந்தி வந்த கணினிகளே சீலை மூடிக்கொண்டு கிடக்கின்றன. எனக்குச் சாமான் வேண்டாம், ஆட்கள் வருகிற மாதிரி ஒழுங்கான நிகழ்வுகள்தான் வேண்டும். உங்கள் ஊர்களில் உண்மையிலேயே நின்று நடந்தது எது? எந்த நேரத்தில் வைத்தீர்கள்? வருகிறவர்களிடம் காசு வாங்கலாமா?

ரீச்சர்_ஓய்வில் எழுதியது:

தம்பி, நிகழ்வை யோசிக்க முதல் நேரசூசியை யோசியுங்கோ. நீங்கள் எதை வைத்தாலும் போட்டி ரியூசனோடுதான், அதில் நீங்கள் வெல்லப்போவதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை உங்களுக்குக் கிடைக்காது, சாதாரணதரப் பரீட்சைக்கு இருக்கிற பிள்ளையைத் தாய் விடமாட்டா. உங்களுக்கு வாய்ப்பது மூன்றாம் நாலாம் வகுப்பும், ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும்தான். ஒரு கொப்பியோடு நாலு ஒழுங்கைக்குள் போய் எந்தப் பிள்ளைக்கு எந்தப் பின்னேரம் வெறுமை என்று எழுதிக்கொண்டு வாருங்கோ. கேட்காமல் நாள் குறித்தால் நீங்களும் கதிரையும்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது பருவம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மைதானம் குளமாகும், அப்போது மண்டபத்துக்குள் சதுரங்கமும் கரம் போர்டும். வெயில் காலத்தில் நாலரைக்கு முன் ஒரு பிள்ளையையும் வெளியில் இறக்க வேண்டாம். சந்நிதித் திருவிழா, வல்லிபுரக்கோயில் திருவிழா நாட்களில் ஒன்றும் வைக்காதீர்கள், சனம் அங்கேதான் நிற்கும்.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், முதலாம் திகதி சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வரும். வழக்கமாக இரண்டுக்கும் வேறுவேறு கூட்டம் வைத்து வேறுவேறு ஆட்களுக்குப் பொன்னாடை போர்ப்பார்கள். அதை விட்டுவிட்டு அந்தப் பேப்பர் வாசிக்கிற ஐயாமாரில் நாலு பேரைப் பிடித்து வாங்கில் இருத்தி, ஆளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகளைக் கொடுங்கோ. கதை சொல்லட்டும், கணக்கு விடுகதை போடட்டும். சதுரங்கம் தெரிந்த ஐயா ஒருவராவது இருப்பார், சனிக்கிழமைகளில் அவரையே பயிற்றுவிப்பாளர் ஆக்கலாம். வகுப்பு எடுக்கிறேன் என்று சொல்லிப் பள்ளிக்கூடப் பாடமாக ஆக்கிவிடாமல் மட்டும் பாருங்கோ, எங்கள் ஆட்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது.

நெல்லியடிப்பெட்டை எழுதியது:

ரீச்சர் சொன்னது சரி, ஆனால் அண்ணா, பெண்கள் படலையோடு திரும்புகிறார்கள் என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்கள். ஏன் திரும்புகிறார்கள் என்று அந்தப் பந்தியிலேயே இருக்கிறது. மதிலில் ஏறியிருந்து போன் பார்க்கிற பெடியள். அவர்கள் ஒன்றும் செய்யமாட்டார்கள், நல்ல பிள்ளைகள், எல்லாம் தெரியும். ஆனாலும் பதினாலு வயதுப் பிள்ளை அந்த மதிலைத் தாண்டி விளையாட்டு உடுப்போடு உள்ளே வராது.

எங்கள் பக்கத்தில் வலைப்பந்து தொடங்கினபோது முதல் செலவு பந்துக்கு இல்லை, மலசலகூடக் கதவுக்குக் கொண்டி போட்டதும், படலையில் இருந்து மைதானம் வரைக்கும் இரண்டு லைட் போட்டதும்தான். பிறகு கிழமையில் இரண்டு பின்னேரம் மைதானம் பெண்பிள்ளைகளுக்கு என்று நிர்வாகசபையில் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்கினோம். வாய்ச்சொல்லாக விட்டால் கரப்பந்துச் சுற்றுப்போட்டி வருகிறது, பயிற்சி எடுக்கவேண்டும் என்று முதலில் பறிபோவது அந்த நாட்கள்தான்.

வலைப்பந்துக்குச் சீமெந்துத் தரை கட்டாயம் என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம். கூடைப்பந்து மாதிரிப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற ஆட்டம் இல்லை, கையில் பிடித்தால் ஓடாமல் நின்று எறியவேண்டும், அதனால் இறுக்கின மண் தரை போதும். வளையம் 3.05 மீற்றர் உயரத்தில், பக்கத்துக்கு ஏழு பேர், திடல் 30.5 மீற்றர் நீளமும் 15.25 அகலமும். ஊர் வெல்டிங் கடையில் இரண்டு கம்பமும் அடிக்கலாம். யாழ்ப்பாணத்து ஈவினையில் பிறந்த வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் 2018இல் சிங்கப்பூரில் இலங்கை அணிக்கு ஆசியக் கிண்ணம் வென்று கொடுத்தபோது எங்கள் ஊர் அப்பாமாரும் ரிவி பார்த்துக் கைதட்டினார்கள். தங்கள் பிள்ளையைப் பயிற்சிக்கு விடச்சொன்னால் கறுத்துப்போய்விடுவாள் என்கிறார்கள். அம்மாமாரோடு கதையுங்கோ, பயிற்சி நேரத்தில் ஒரு அம்மா சும்மா கதிரை போட்டு இருந்தாலே காணும்.

பனிக்குளிர் (ஸ்காபுறோ) எழுதியது:

காசு அனுப்புகிற பக்கத்தில் இருந்து ஒரு வார்த்தை. நீங்கள் எல்லோரும் ஆண்டுவிழாவைக் கேலி செய்கிறீர்கள், ஆனால் இங்கே பனிக்குள் இரண்டு வேலை செய்துவிட்டு வந்து ஒருவன் காசு அனுப்புகிறான் என்றால் அந்த விழா வீடியோவில் தன் அண்ணன் மகள் ஆடுவதைப் பார்க்கத்தான். விழாவை நிற்பாட்டினால் காசும் நிற்கும். உரைகளை வெட்டுங்கோ, பிள்ளைகளை ஆறு மணிக்கே மேடையேற்றுங்கோ, ஆனால் விழா இருக்கட்டும்.

ஜிம், கணினி என்று நாங்கள் கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. சாமான் என்றால் படம் எடுத்து அனுப்பலாம், இங்கத்தை ஊர் ஒன்றியக் கூட்டத்தில் காட்டலாம். பயிற்றுவிப்பாளருக்கு மாதச் சம்பளம் என்றால் எதைக் காட்டுவது? மாதாமாதம் எத்தனை பிள்ளை வந்தது, எவ்வளவு செலவு என்று ஒரு பக்கக் கணக்கறிக்கை வட்ஸ்அப்பில் போடுங்கோ, அதைக் காட்டி நான் காசு சேர்த்துத் தருகிறேன். இதுவரைக்கும் எந்த நிர்வாகசபையும் எனக்கு அப்படி ஒன்று அனுப்பியதில்லை, ரசீது கேட்டால் கோபிக்கிறார்கள்.

இன்னுமொன்று. அலுமாரிக்குள் பழைய ஆண்டு மலர்கள், கூட்டக் குறிப்புக் கொப்பிகள் இருந்தால் கறையான் அரிக்க முதல் வெளியில் எடுங்கோ. நூலகம் நிறுவனம் 2005இல் இருந்து இப்படியானவற்றை மின்வருடி இணையத்தில் போட்டுவருகிறது. கணினி படிக்க வருகிற பெடியளை வைத்தே வருடும் வேலையைச் செய்யலாம், சீலை மூடின கணினிக்கும் ஒரு வேலை கிடைக்கும். 1995 யுத்த இடப்பெயர்வில் எங்கள் நிலையத்தின் குறிப்புகள் எல்லாம் போய்விட்டன, யார் முதல் தலைவர் என்பதற்கே இப்போது இரண்டு குடும்பம் சண்டை பிடிக்கிறது.

கூழ்ப்பானை எழுதியது:

எல்லோரும் இளம் ஆட்களையே பார்க்கிறீர்கள். வீட்டில் இருக்கிற நடுத்தர வயதுப் பெண்கள்தான் ஒரு நிலையத்தைத் தூக்கி நிறுத்துவார்கள், அவர்களுக்குக் கூட்டம் என்று சொன்னால் வரமாட்டார்கள், சமையல் என்று சொன்னால் கத்தியோடு வருவார்கள்.

எங்கள் இடத்தில் தென்மராட்சியில் எல்லாம் தொடங்கினது ஆடிப்பிறப்புக் கூழில். ஆடி முதலாம் நாள், அநேகமாக யூலை 17. யாரோ ஒருவரின் வீட்டிலிருந்து பெரிய பானை, இன்னொருவர் பனங்கட்டி, ஒருவர் நாலு தேங்காய். வறுத்த பயறை முதலில் அவியவிட்டு, அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து ஊற்றிக் கட்டிபடாமல் ஒருவர் துழாவிக்கொண்டே இருக்கவேண்டும், பிறகு பனங்கட்டி, தேங்காய்ச் சொட்டு, கடைசியில் மிளகு சீரகம். மாவைச் சின்ன உருண்டையாக உருட்டிப் போடுவதா வேண்டாமா என்று இரண்டு கட்சி பிரிந்து, அந்தச் சண்டையிலேயே ஒருவரையொருவர் தெரியாத நாலு ஒழுங்கைப் பெண்கள் பேசிப் பழகிவிட்டார்கள். பிள்ளைகள் பிலாவிலையை மடித்து ஈர்க்குக் குத்திக் கோலிக் குடித்தார்கள். ஒரு உரையும் இல்லை. பிரதம விருந்தினர் கேட்டு ஒருவர் வந்தார், அவருக்கும் ஒரு பிலாவிலை கொடுத்தோம்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்களே பனையோலைப் பின்னல் பழக ஒரு ஆளைப் பிடித்தார்கள், பிறகு தையல், பிறகு நவராத்திரிக்கு வாணிவிழா. இப்போது நிர்வாகசபையில் பொருளாளர் அவர்களில் ஒருவர், கணக்கு சதத்துக்குச் சரி.

காசு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்குங்கோ, சிறிதாக. மாதம் நூறு ரூபா என்றாலும் கொடுத்தவர் அடுத்த கிழமை ஏன் பூட்டிக் கிடக்கிறது என்று வந்து கேட்பார். சும்மா வந்தவர் கேட்கமாட்டார். ஏலாத வீட்டுக்கு வகுப்பு எடுக்கிறவரே மெல்லமாகச் சொல்லித் தள்ளுபடி செய்யட்டும், பேரைப் பலகையில் போடாமல்.

திறப்பு யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. தலைவர் வீட்டில் தொங்குகிறது என்றால் அவர் கலியாணவீட்டுக்குப் போகிற நாளெல்லாம் உங்கள் சதுரங்க வகுப்பு மதிலுக்கு வெளியே. மூன்று திறப்பு வெட்டுங்கோ.

கிணற்றடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. திறப்பு தலைவர் வீட்டில்தான் இருக்கிறது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை.

நேற்று இரவு நிர்வாகசபைக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். பெண்பிள்ளைகளுக்கு இரண்டு பின்னேரம் என்றதும் கரப்பந்துக் கோஷ்டி எழும்பினது, செவ்வாயும் வியாழனும் என்று ஒருமாதிரி ஒத்துக்கொண்டார்கள். ஓவர் கேம் கரப்பந்துச் சுற்றுப்போட்டி வரும் மாதத்துக்கு மட்டும் விலக்குக் கேட்டார்கள், நெல்லியடித் தங்கச்சி சொன்னதை நினைத்துக்கொண்டு நான் கொடுக்கவில்லை, குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. லைட்டுக்கு எங்கள் உள்ளூராட்சி உறுப்பினரிடம் கடிதம் கொடுக்கிறோம். 2023 மார்ச்சில் சபைகள் கலைந்த பிறகு இரண்டு வருசமாகக் கேட்க ஒரு உறுப்பினர்கூட இல்லை, 2025 மே தேர்தலுக்குப் பிறகுதான் கதவைத் தட்ட ஆள் இருக்கிறது.

பனிக்குளிர் அண்ணா, கணக்கறிக்கை மாதாமாதம் வரும், ஜிம் காசைப் பயிற்றுவிப்பாளருக்குத் திருப்ப அந்தக் கனடா அண்ணரோடு நீங்களே ஒருக்கால் கதைத்துப் பார்ப்பீர்களா? ரீச்சர், ஒழுங்கைக் கொப்பி ஞாயிறு தொடங்குகிறது.

கூழ்ப்பானை அக்கா, நூற்றைம்பது பேருக்குக் கூழ் என்றால் அரிசிமா எத்தனை கிலோ, பனங்கட்டி எத்தனை குட்டான்? எங்கள் பக்கம் மா உருட்டிப் போடுகிற கட்சிதான் பெரிது.