போப் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ இல்லை. இனியும் அந்தக் கதையைச் சொல்லலாமா?

கல்லெழுத்துப்பித்தன்:
பழைய கல்லறைத் தோட்டங்களைத் தேடிப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். போன மாதம் ஆக்ஸ்போர்டில், திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பாதிரியார் ஜி.யு. போப் அடக்கமாகியிருக்கும் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஊருக்குள் இருந்த தேவாலய வளாகங்களில் இடமில்லாமல் போனதால் 1848இல் திறந்த தோட்டம் அது. இன்று வால்டன் தெருவில் நடப்பவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. தன்னார்வலர்கள் சிலர் புதரை வெட்டி வழி வைத்திருக்கிறார்கள்.

மூன்று மணிக்கே வெயில் சாய்ந்துவிட்டது. அதுவே நல்லதாகப் போயிற்று. உச்சி வெயிலில் கண்ணுக்குப் படாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எழுந்து வரும். சந்தேகம் வந்த இடத்தில் கைபேசி விளக்கைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படித்தேன். ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்கிக்கொண்டிருக்கிறான்’ என்ற வரி அதில் இல்லை. தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை.

சிறுவயது முதல் பாடத்திலும் மேடையிலும் நாம் கேட்ட வரி அது. இனியாவது நிறுத்திக்கொள்வோமா?

தாமிரபரணிக்காரன்:
வெளிநாட்டுக்குப் போனவர்கள் ஊருக்கு அனுப்பும் பரிசு இதுதான் போலிருக்கிறது: நாம் நம்பியதெல்லாம் பொய் என்ற செய்தி. நான் சாயர்புரம் பக்கத்துக்காரன். போப் அங்கே பள்ளி நடத்தியவர். அவர் பெயரில் இன்றும் கல்லூரி நடக்கிறது. எங்கள் பக்கத்தில் அந்த வரியைச் சொல்லாமல் யாரும் மைக்கைக் கீழே வைப்பதில்லை.

அந்தக் கதை என்ன சொல்கிறது? அப்படிப் பொறிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார் என்கிறது. பிள்ளைகள் அதை நிறைவேற்றாமல் விட்டிருக்கலாம். கல்லில் இல்லை என்பதால் அவர் மனதில் இல்லை என்று ஆகிவிடுமா?

கல்லெழுத்துப்பித்தன்:
ஆசை என்று சொல்பவர் நீங்கள். நான் கேட்ட மேடைகளில் எல்லாம் ‘இன்றும் அந்தக் கல்லில் இருக்கிறது, போய்ப் பாருங்கள்’ என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். உயிலில் எழுதியிருக்கிறார் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். அந்த உயிலை யாராவது காட்டட்டும், இதே இடத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

மைப்படி:
கல்லைச் சுரண்டினீர்களா? நம் ஊரில் சிலர் எழுத்து தெரிவதற்காகச் சுண்ணாம்புக் கட்டியைத் தேய்க்கிறார்கள், திருநீற்றைக் கூடப் பூசுகிறார்கள். பொரிந்துபோன கல் அதோடு முடிந்தது. முறையாக மைப்படி, அதாவது கல்லெழுத்தை மையால் தாளில் பதிக்கும் படி, எடுக்கத் தெரியாதவர்கள் கல்லில் கை வைக்கவே கூடாது.

கல்லெழுத்துப்பித்தன்:
விரலால்கூடத் தொடவில்லை. வெளிச்சம் மட்டும்தான்.

கார்முகில்:
போப்புக்குக் கல்லாவது இருக்கிறது. எங்கள் ஊர்ச் சுடுகாட்டில் என் பாட்டிக்கு வைத்த கல்லைச் சாலை போட வந்தவர்கள் ஜல்லியோடு சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் சாதி பார்த்துச் சுவர் எழுப்பினார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, ஐயாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கல்லில் ஒரு வரி இருக்கிறதா இல்லையா என்று ஒரு பஞ்சாயத்து!

இன்னொன்றும் சொல்கிறேன். அந்தத் ‘தமிழ் மாணவன்’ வரி போப்பையே மறைத்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் கண்டிப்புக்குப் பெயர் போனவர் அவர். 1886இல் குறளை மொழிபெயர்த்தபோது, வள்ளுவர் மயிலாப்பூரில் கிறிஸ்தவ போதனையைக் கேட்டிருக்கக்கூடும் என்று முன்னுரையில் எழுதியவரும் அவரே. அதை ஏற்பதும் மறுப்பதும் இருக்கட்டும், அவரோடு வாதாட வேண்டாமா? ஒரு வரியை மாலையாகப் போட்டுப் படமாக மாட்டிவிட்டோம். மாலை போட்ட படத்தோடு யார் வாதாடுவார்கள்?

ஏழாம்வகுப்புஆசிரியை:
இருபத்திரண்டு வருடமாக இந்த வரியை வகுப்பில் சொல்லி வருகிறேன். சொல்லும்போது எனக்கே குரல் கம்மும். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, “அந்த ஊரில் யாருக்கும் தமிழ் தெரியாதே டீச்சர், அதை யார் படிப்பார்கள்?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து உட்கார வைத்துவிட்டேன். இதைப் படித்ததிலிருந்து அவன் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

கல்லெழுத்துப்பித்தன் ஐயா, இல்லாததைச் சொன்னீர்கள். இருப்பது என்ன என்று சொல்லவில்லையே?

கல்லெழுத்துப்பித்தன்:
உண்மைதான் அம்மா, கோபத்தில் முக்கியமானதை விட்டுவிட்டேன். கல் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் ஏறத்தாழ இப்படி வரும்:

‘ஜார்ஜ் யூக்ளோ போப், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர். இப்பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரித் தேவாலயத்தின் குருவாகவும் இருந்தவர்.’ அதன் கீழே, கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் வாழ்நாள் முழுதும் அவர் உழைத்த உழைப்பை அன்போடு போற்றி, குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை வைத்தார்கள் என்று இருக்கிறது.

அவர் பிறந்தது 1820இல், கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில். வளர்ந்தது இங்கிலாந்தில். 1908 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் இறந்தார். ஆனால் பெயருக்கு அடுத்து வரும் ஊர் தென்னிந்தியா! பிறந்த மண்ணையும் இறந்த மண்ணையும் விட்டுவிட்டு, வேலை செய்த மண்ணை எழுதியிருக்கிறார்கள். இதைவிடவா நமக்கு ஒரு கட்டுக்கதை பெரிது?

தாமிரபரணிக்காரன்:
‘தமிழ் நண்பர்கள்’ என்று கல்லிலேயே இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் முதலில் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும். ‘இல்லை’ என்பதைத் தலைப்பில் போட்டுவிட்டு, ‘இருக்கிறது’ என்பதை ஆசிரியை கேட்டபிறகு சொல்கிறீர்கள்.

அந்தக் கதையோடு ஒரு வாலும் உண்டு: கல்லறைச் செலவில் ஒரு பங்கு தமிழர் பணமாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டாராம். கல்லில் தமிழ் நண்பர்கள் இருக்கிறார்கள் என்றால் கதையில் பாதி மெய்தானே? மீதிப் பாதியை மக்கள் தங்கள் வாயால் எழுதிக்கொண்டார்கள். வாயால் எழுதுவது நமக்குப் புதிதா என்ன?

கல்லெழுத்துப்பித்தன்:
தலைப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. வாய்வழிக் கதைக்கு நான் எதிரியல்ல. அதைக் ‘கல்லில் இருக்கிறது’ என்று சாட்சி சொல்லிப் பாடநூலில் ஏற்றும்போதுதான் வலிக்கிறது. கதை என்று சொல்லிக் கதை சொன்னால் யாருக்கும் சண்டையில்லை.

மெய்யாகவே தமிழ் பொறித்த கல் வேண்டுமென்றால் ஆக்ஸ்போர்டு வரை போக வேண்டியதில்லை. தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816இலேயே எழுதிய எல்லிஸ், திருக்குறளுக்கு உரை எழுதியவர், 1819இல் ராமநாதபுரத்தில் இறந்து திண்டுக்கல்லில் அடக்கமானார். அவருக்கு ஆங்கிலத்திலும் தமிழிலும் கல்வெட்டுகள் வைத்தார்கள். அதைப் பாடத்தில் யாராவது கேட்டிருக்கிறோமா?

மைப்படி:
சென்னையிலும் உண்டு. ஆர்மீனியன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. உலகத்தின் முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794இல் சென்னையில் அச்சிட்ட ஷ்மாவோனியன் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். பூக்கடைக்குப் போகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள்.

கார்முகில், உங்கள் பாட்டியின் கல்லைப் பற்றி: அதில் என்ன எழுதியிருந்தது என்று வீட்டில் யாருக்காவது நினைவிருந்தால், அவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்கிவிடுங்கள். புகைப்படம் இருந்தால் இன்னும் நல்லது.

கார்முகில்:
பெயரும் இறந்த வருடமும் மட்டும்தான். ‘ள’ போட வேண்டிய இடத்தில் ‘ல’ போட்டிருந்தார் கொத்தனார். தாத்தா திருத்தச் சொல்லவில்லை. “அவளுக்கு எழுத்தா தெரியும்” என்றாராம். பெரியம்மாவிடம் கேட்டு மீதியையும் எழுதி வைக்கிறேன்.

போப் பற்றிச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தோட்டத்தைப் பற்றி உருப்படியாக இன்னும் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

கல்லெழுத்துப்பித்தன்:
இருக்கிறது. பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த ஜோவெட்டும் அதே தோட்டத்தில்தான் இருக்கிறார். திருவாசக மொழிபெயர்ப்பு தன் ஆயுளுக்குள் முடியாது என்று போப் ஒருநாள் அவரிடம் சொன்னாராம். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி, அதை முடிக்கும்வரை நீங்கள் இருப்பீர்கள் என்றாராம் ஜோவெட். சொன்னவர் 1893இல் போய்ச் சேர்ந்தார். போப் 1900இல், தன் எண்பதாவது பிறந்தநாளில், திருவாசகத்தின் முன்னுரைக்குக் கையெழுத்திட்டார். அந்தப் பேச்சை அந்த முன்னுரையில் அவரே எழுதியிருக்கிறார். யாரும் இட்டுக்கட்டியதல்ல.

ஏழாம்வகுப்புஆசிரியை:
அடுத்த வாரம் அந்தப் பாடம் வருகிறது. பழைய வரியைக் ‘கதை’ என்று சொல்லிச் சொல்வேன். கல்லில் உள்ளதைக் கரும்பலகையில் எழுதுவேன். ஒரு சந்தேகம்: ‘தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்’ என்று எழுதவா, ‘தென்னிந்தியாவின் போப்’ என்று எழுதவா?

கல்லெழுத்துப்பித்தன்:
முன்னதே சரி அம்மா. பின்னது எழுதினால் பையன்கள் ரோமாபுரிப் போப்பாண்டவரோடு குழப்பிக்கொள்வார்கள்.

தாமிரபரணிக்காரன்:
‘சாயர்புரத்தைச் சேர்ந்தவர்’ என்று எழுதுங்கள் டீச்சர். கல் செதுக்கியவனுக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரியவில்லை, அவ்வளவுதான்.