கேட்டார்கள், சொன்னோம்: சேலம், ஏற்காடு அனுபவங்கள்

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பற்றி மற்றவர்கள் கேட்டதும் நாம் சொன்னதும், வாசகர்கள் எழுதியபடி.

சேலத்திலிருந்து ஒரு நர்ஸ்:

தனியார் ஆஸ்பத்திரி வார்டில் வேலை. கழுத்தில் சிலுவை டாலரைப் பார்த்துவிட்டால், நோயாளியோடு இருப்பவர்கள் "சிஸ்டர், ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க" என்பார்கள். எந்தச் சாமியானால் என்ன, ஆள் பிழைத்தால் போதும் என்று நிற்பவர்கள் அவர்கள். அவர்களிடம் போய்ப் பிரசங்கம் பண்ணுவது எனக்குப் பிடிக்காது. கேட்டால் ஜெபிப்பேன், மருந்தை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன்.

வாழப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், கிட்னி இரண்டும் போய் வந்திருந்தார். மகள்தான் ஜெபிக்கச் சொன்னார். நான் கட்டிலை நெருங்குவதற்குள் முந்தானையை எடுத்து அப்பாவின் நெற்றி விபூதியைத் துடைக்கப் போனார். "உங்க சாமிக்கு ஆகாதுல்ல?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெரியவர் அந்த வாரமே போய்ச் சேர்ந்தார். அப்புறம் ஒரு நாள் பில் விஷயமாக வந்த மகள் என்னைத் தேடி வந்தார். "அன்னைக்கு வாய்க்குள்ளயே என்ன சொன்னீங்க சிஸ்டர்?"

"பயம் போகணும், உடம்பு தேறணும்னு கேட்டேன்."

"பயம் போச்சு. உடம்பு ஏன் தேறல?"

ஞாயிறு பிரசங்கங்களில் இதற்குப் பதில் நிறையக் கேட்டிருக்கிறேன். ஒன்றும் வாயில் வரவில்லை. இயேசுவின் நண்பர் லாசரு செத்த கதையைச் சொன்னேன். அவரை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும், கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு அழுதார்.

"தெரிஞ்சுமா அழுதாரு?" என்றவர், அது எங்கே இருக்கிறது என்று அவராகவே கேட்டார். பைபிளில் யோவான் 11-ஆம் அதிகாரம் என்று பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஏற்காட்டிலிருந்து:

எங்கள் குடும்பத்துக்குக் காபியும் வேதமும் ஒரே வழியில் வந்தவை என்பார் தாத்தா. இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். லண்டன் மிஷன் சேலத்தில் ஊழியம் தொடங்கியது 1827-இல். எஸ்டேட் கூலிக்கு வந்த இடத்தில்தான் எங்கள் முன்னோர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்.

டிசம்பரில் இங்கே காபிப் பழம் பறிக்கிற சீசன். வீடு வீடாகக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் போனால் பாதி வீடுகளில் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஒரு மலையாளி ஆயா (நம் மலைவாசிகள்தான், கேரளாக்காரர் இல்லை) மட்டும் எழுந்து அடுப்பைப் பற்றவைத்து எல்லோருக்கும் வரக்காபி போட்டார். "உங்க சாமி எங்க பொறந்துச்சு கண்ணு?"

மாட்டுக் கொட்டகையில் என்றேன். பெத்லகேமில் இதுதான் அந்த இடம் என்று காட்டுவது ஒரு குகை, அதன் மேல்தான் கோயில் கட்டியிருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

"அட! எங்க மலைச்சாமி சேர்வராயனும் கொகைக்குள்ளதான் இருக்காரு."

"அது வேற, இது வேற ஆயா" என்று திருத்தக் கிளம்பினான் குழுவில் ஒரு தம்பி. பாட்டு மாஸ்டர் அவன் காலை நன்றாக மிதித்தார். மிதித்தது சரிதான் என்பேன். வீடு தேடி வந்தவர்களுக்குக் காபி கொடுத்த கையோடு விவாதம் எதற்கு? மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்கு ஆயா எங்களையும் வரச் சொன்னார். போகலாமா கூடாதா என்று சபையில் இன்னும் சண்டை ஓயவில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

நான் கிறிஸ்தவன் இல்லை, கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். சொல்கிற பக்கத்தையே எழுதுகிறீர்கள், கேட்கிற பக்கம் என்று ஒன்றும் இருக்கிறது.

புது பஸ் ஸ்டாண்டில் கையில் நோட்டீஸைத் திணித்து நேராக நரகத்தில் ஆரம்பிப்பார்கள். வாட்ஸ்அப்பில் காலையில் வசனம் வரும், பதிலுக்கு நான் முருகன் படம் அனுப்புவேன். இரண்டு பேரும் திறந்து பார்ப்பதில்லை.

பட்டறையில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிற பையன் ஒருவன் இருக்கிறான். தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தாலும் ஞாயிறு காலை வரமாட்டான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து தன் பங்கை முடித்துவிட்டுத்தான் போவான். ஒரு தடவை கடுப்பில், "அப்படி என்னதான்டா இருக்கு அங்க?" என்றேன்.

"வெள்ளிய எடை போட்டுக் கொடுக்குறீங்க, கொலுச எடை போட்டு வாங்குறீங்க. அங்க மட்டுந்தாண்ணே என்னை எடை போடாம உள்ள விடுறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். சபைக்கு வாங்க என்று இதுவரை கூப்பிட்டதில்லை. கிறிஸ்மஸ் பிரியாணிக்குக் கூப்பிட்டான், வீட்டோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.